பையைத் தைத்து வைத்த கோட்டு

திண்டுக்கல்லில் ஒரு கோட்டு வாடகைக் கடை இருந்தது. கல்யாண வரவேற்புக்கு ஒரு நாளைக்குக் கோட்டு தரும் கடை. நடத்தியவள் பெயர் அமலி. பளபளவென்று மின்னும் புதுக் கோட்டுகளுக்கு நடுவே அங்கே ஒரு பழைய பழுப்புக் கம்பளிக் கோட்டும் தொங்கியது. அகலமான காலர், கொம்புப் பொத்தான், அறுபது வருஷத்துக்கு முந்தின தையல். பழைய பாணிக்கு இப்போது மவுசு என்று கேள்விப்பட்டு, இத்தனை வருஷம் யாரும் போடாமல் பெட்டியிலேயே கிடந்த அதை அமலி எடுத்து மாட்டியிருந்தாள்.

உருவம் தொங்கிப் போகக்கூடாது என்று வாடகைக் கோட்டுகளின் பைகளை அவள் தைத்து மூடிவிடுவாள். பழைய கோட்டுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தன் பைக்குள் இதுவரை ஒரு தூசி விழுந்ததில்லை என்று பக்கத்துக் கோட்டுகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெருமை பேசி என்ன? ஆவணி முழுக்க அதை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி முகூர்த்தம். அதற்குள் போகாவிட்டால் வெட்டி இஸ்திரி மேசைக்கு விரிப்பாகப் போட்டுவிடலாம் என்று அமலி சொன்னாள். கத்தரிக்கோல் காதில் அது விழுந்துவிட்டது.

"என்ன பெரியவரே, எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று அது தினமும் கேட்டது.

"பொறுடா. எனக்கு ஏத்த உடம்பு வரும்," என்றது கோட்டு.

வெள்ளிக்கிழமை அப்படி ஓர் உடம்பு வந்தேவிட்டது. நிவாஸ் என்கிற பையன், நண்பர்களோடு வந்தான். அளவு நாடா அவன் மார்பைச் சுற்றி வந்து, அச்சு அசல் நாற்பது, அளந்து ஊற்றினது மாதிரி இருக்கும் என்று அடித்துச் சொன்னது. கோட்டும் துணி சுருங்காமல் விறைத்து நின்றது.

நிவாஸ் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றான். மூச்சை இழுத்துப் பிடித்தான். ஈரப் பெயின்ட் அடித்த சுவரில் பட்டுவிடக்கூடாது என்பதுபோல இரண்டு கையையும் உடம்பை விட்டுத் தள்ளியே வைத்திருந்தான்.

"மாப்ளே, மாறுவேடப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டியா?" என்றான் ஒரு நண்பன். நிவாஸ் அதைக் கழற்றிவிட்டு ஒரு புது நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாடாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அளவில் தப்பே இல்லை என்று அது சத்தியம் செய்தது. கோட்டு கண்ணாடியிடம் கேட்டது. "நீதானே பார்த்தே. என்ன குறை?"

"அவன் உன்னை அலுங்காம தாங்கிட்டு நின்னான். நீ அவனை அலுங்காம தாங்கிட்டு நின்னே. அப்புறம் யாரு யாரைப் போட்டுக்கிட்டது?" என்றது கண்ணாடி.

கோட்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விறைப்பை விட மனசு வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் பொன்னழகு வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இடுப்பில் இரண்டு வயசு மகள் மகிழினி. அன்று சாயங்காலம் தங்கச்சிக்கு வரவேற்பு. சம்பந்தி வீட்டில் எல்லோரும் கோட்டு போடுகிறார்கள், நீயும் போட்டுக்கோண்ணே என்று அவள் ஆசையாகக் கேட்டிருந்தாள். கடையில் பெரிய ஆள் போடுகிற அளவில் மிச்சம் இருந்தது பழுப்புக் கோட்டு ஒன்றுதான்.

கை ஒரு விரல்கடை குட்டை, சரிப்படாது என்றது நாடா. கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டது.

பொன்னழகு மகளைக் கை மாற்றிக் கை மாற்றிக் கோட்டைப் போட்டுக்கொண்டான். போட்டதும் அவன் கை தானாகப் பைக்குப் போனது. பை திறக்கவில்லை.

"அக்கா, இதென்ன வாயைத் தைச்சு வச்சிருக்கீங்க? பாப்பா பிஸ்கட்டை எங்க வைக்கிறது?"

பை தொங்கிப்போகும் தம்பி, உருவம் கெட்டுடும் என்று அமலி சொல்லிப் பார்த்தாள்.

"தொங்கட்டும்க்கா. பைன்னா தொங்கத்தானே செய்யும்?"

அமலி சிரித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். கோட்டு நடுங்கியது. கத்தரிக்கோல் கிட்டே வந்து, நாலே நாலு நூலை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பியது. கத்தரிக்கோலின் முகம்தான் தொங்கிப் போய்விட்டது.

பைக்குள் பிஸ்கட் பொட்டலம் போனது, எச்சில் துடைக்கிற துணி போனது, வேன் சாவி போனது. மகிழினி காலரை வாயில் வைத்துச் சப்பினாள். அவள் செருப்பு நழுவ, பொன்னழகு குனிந்து மாட்டிவிட்டான். அறுபது வருஷமாக மடங்காத முழங்கை அவனோடு சேர்ந்து மடங்கியது. அப்போதுதான் கோட்டு தன்னையறியாமல் விறைப்பை விட்டது. 'இவ்வளவு நாள் நானும்தான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நின்னிருக்கேன்,' என்று நினைத்துக்கொண்டது.

பொன்னழகு கண்ணாடிப் பக்கமே போகவில்லை. வரவேற்புக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. ஆனால் கண்ணாடி அவனை வாசல் வரைக்கும் பார்த்தது. ரொம்ப நாள் கழித்து அதற்கு ஒரு மனுஷன் தெரிந்தான்.

மறுநாள் கோட்டு திரும்பி வந்தபோது பை தொங்கியிருந்தது. உள்ளே பிஸ்கட் தூள். சம்பந்தி வீட்டுக்காரர் கோட்டைத் தொட்டுப் பார்த்து, உங்க அப்பாவுதா என்று கேட்டாராம். வாடகை என்று சொன்னாலும் நம்பவில்லையாம். பொன்னழகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

அமலி பையைத் திரும்பத் தைக்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையில் மாட்டியிருந்த கோட்டுகள் அத்தனையின் பைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் கோட்டு கேட்டு வந்தாலும், நாடாவை எடுப்பதற்கு முன்னால் அவள் கேட்பது ஒன்றுதான்:

"பையில என்ன வைப்பீங்க?"