நாவரசரிடம் பேச்சி கேட்ட கேள்வி

செம்பியூர் அரண்மனைக்கு நாவரசர் என்ற பண்டிதர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே கிடையாது. இந்தச் சபையில் யாராவது என்னை மடக்கிவிட்டால் நான் நடந்தே ஊர் திரும்புகிறேன். முடியாவிட்டால் உங்களில் மெத்தப் படித்தவரான அரண்மனை வைத்தியர் என் பல்லக்கைச் சுமக்கட்டும்!" என்று மன்னரிடம் சவால் விட்டார். மன்னரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

வைத்தியர் தில்லைநாதர் நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டார், குதிரையின் பல்லைப் பற்றிக் கேட்டார், கடல்காற்றைப் பற்றியும் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது. அந்த வயதான மனிதர் தலைகுனிந்து பல்லக்கை நோக்கி நடந்தார்.

சபைக்கு மாலை கொண்டுவந்திருந்த பூக்காரி பேச்சிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சாமி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமாகக் கேள்!"

"அடுத்து நான் உங்ககிட்ட என்ன கேக்கப் போறேன்?"

நாவரசர் திகைத்தார். "பூக்காரி நீ வேறென்ன கேட்பாய்? தாழம்பூ எப்போது பூக்கும் என்பாய்!"

"இல்ல சாமி. ஊருக்குத் திரும்பி நடந்தே போயிருவீங்களான்னு கேக்க இருந்தேன்."

சபையே வெடித்துச் சிரித்தது. பண்டிதர் நடந்தேதான் போனார்.

"என்ன பரிசு வேண்டும், பேச்சி?" என்றார் மன்னர்.

"ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. போன ஐப்பசியில என் மக ஜன்னி கண்டு கிடந்தப்போ, வைத்தியர் ஐயா மூணு நாள் அவ பக்கத்தை விட்டு நகரல. நன்றி சொல்ல எனக்கு இன்னைக்குத்தான் வழி கிடைச்சுது."

தில்லைநாதர் திரும்பி வந்து அவளைக் கும்பிட்டார்.