அக்கரைக் கயிறு

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கொல்லர் சேந்தன், வெள்ளையம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிட இளையவர். அது சேந்தனுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

ஆற்றின் குறுக்கே சேந்தன் ஒரு கயிறு கட்டியிருந்தார். அக்கரைப் பாறையில் நின்று அதை இழுத்தால், இக்கரையில் பரிசல்காரர் மாதப்பன் வீட்டு வாசலில் மணி அடிக்கும். அவர் பரிசலோடு போய் ஆளை ஏற்றி வருவார்.

அக்கரை ஜனங்களோ மணியை அடித்துவிட்டு, பரிசலுக்குக் காத்து நிற்காமல் நீந்தி வந்தார்கள். நேற்று ஒருத்தி வெள்ளத்தில் போய், மூங்கில் புதரில் சிக்கித் தப்பினாள்.

"மணியில ஒரு குறையும் இல்லையே அம்மா. ஏன் இப்படிச் செய்றாங்க?" என்று குருவிடம் கேட்டார் சேந்தன்.

குரு மாதப்பனை அழைத்தார். சேந்தனைப் பரிசலில் ஏற்றி அந்தப் பாறையில் இறக்கிவிடச் சொன்னார்.

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"வரட்டும். திரும்பணும்னா இழுங்க."

பரிசல் போனது. மழை இறங்கியது. எதிர்க்கரை மறைந்தே போனது. செந்தண்ணீர் பாறைமேல் ஏறத் தொடங்கியது.

சேந்தன் கயிற்றை இழுத்தார். ஆற்றின் இரைச்சல்தான் கேட்டது.

மறுபடி இழுத்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. கயிறு அறுந்திருக்குமோ? மாதப்பன் வீட்டில் இல்லையோ?

"யோவ் மாதப்பா!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வேட்டியை இறுக்கிக்கொண்டு குதித்துவிட்டார்.

சுழல் இரண்டு தடவை உள்ளே இழுத்தது. மூன்றாவது தடவை ஒரு கை தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியது.

"கொல்லரே, இரும்பாட்டம் முங்குறீரே!" என்றார் மாதப்பன். "பரிசலைத் தோள்ல தூக்கிட்டு மேலாத்துக்கு நடக்கணும். அங்க விட்டாத்தானே இழுப்புல பாறைக்கு வந்து சேரும்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

பரிசலில் குருவும் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். சேந்தன் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார்.

"எப்போ கிளம்பினீங்க?"

"உங்க முதல் இழுப்புக்கே."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" குரு என்றும் பாராமல் கத்திவிட்டார்.

வெள்ளையம்மாள் முந்தானையைப் பிழிந்தார்.

"நீங்க பயந்துகிட்டு நின்ன கரையில மணியே இல்லையே, சேந்தரே."