பார வண்டியின் இலக்கணம்

ஒரு காட்டில் வண்டிகள் ஓடின. ஆம் குழந்தைகளே, நிஜ வண்டிகள்தாம்: மரச் சக்கரம், நுகத்தடி, முன்னால் ஓர் எருமை. கடவுள் நான்கு கால் கொடுத்திருந்தும் அந்தக் காட்டு விலங்குகளுக்கு நடக்க மனம் வரவில்லை. ஓடைக்குப் போக வண்டி, அத்தி மரத்துக்குப் போக வண்டி, அடுத்த புதரில் இருக்கும் மைத்துனரைப் பார்க்கவும் வண்டி.

எருமைக்குப் புல் வேண்டும். வண்டி கனத்தால் அதற்குப் பசி கூடும், லேசானால் குறையும். காட்டில் இருந்ததோ ஒரே ஒரு புல்வெளி. அதன் ஓரத்து வளையில் ஒரு முயல் தன் ஆறு குட்டிகளோடு வாழ்ந்தது. அவற்றுக்குப் புல்தான் சாப்பாடு. பருந்தின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளவும் அந்தப் புல்தான்.

அந்த ஆண்டு மழை தாமதித்தது. முயல் தினமும் புல்லுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும். காது மறைந்தால் நிம்மதி. வைகாசி பிறந்தபோது காது நுனி வெளியே தெரிந்தது.

செய்தி புலி ராஜாவுக்குப் போனது. புலிக்கு எதிலும் அவசரம்.

"இனி ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் புல்தான். மூன்று கட்டுத் தின்னும் பழைய வண்டிகளை எல்லாம் அமாவாசைக்குள் மாற்றுங்கள். மீறுகிற வண்டியைப் பிரித்துப் போடுவேன். அதைச் செய்த தச்சன் ஓராண்டு உளியைத் தொடக் கூடாது" என்று உறுமியது.

காட்டுப்பன்றி முன்னால் வந்தது. அதற்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ராஜா, நான் மலையடிவாரத்திலிருந்து கிழங்கு கொண்டு வருகிறவன். எட்டு மூட்டை இழுக்கிற எருமைக்கு இரண்டு கட்டு எந்த மூலைக்கு? என் வண்டி நின்றால் பாதிக் காடு பட்டினி."

"சரி. சவாரி வண்டிக்கு இரண்டு கட்டு, பார வண்டிக்கு நான்கு கட்டு. எழுதிக்கொள்" என்றது புலி.

எழுதுகிற வேலை மந்திரி யானையுடையது. ஓர் எழுத்துப் பிசகினாலும் அதற்குத் தூக்கம் வராது.

"ராஜா, பார வண்டி என்றால் என்ன?" என்று கேட்டது யானை.

"பாரம் ஏற்றுகிற வண்டி. இதுகூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியும். ஆனால் ஓலையில் அப்படி எழுதினால் நாளைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். அளவு வேண்டும்."

"எதையாவது அளந்து எழுது" என்று சொல்லிவிட்டுப் புலி குகைக்குள் போனது.

யானை பன்றியின் வண்டியைத் தேடிப் போய்த் தும்பிக்கையால் சுற்றிச் சுற்றி அளந்தது. சக்கரம் ஐந்து சாண் உயரம். பின்னால் ஒரு கூடை தொங்கியது. இரண்டையும் ஓலையில் எழுதிக்கொண்டது. பன்றி அப்போது மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. மூட்டைகளை யானை அளக்கவில்லை. அவை வண்டியின் பாகம் இல்லையே என்று நினைத்தது.

அந்தக் காட்டில் வண்டி செய்யத் தெரிந்தது கருங்குரங்குத் தச்சன் ஒன்றுதான். எழுதியதை எழுதியபடி படிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு கட்டில் ஓடும் லேசான வண்டி செய்ய அது உட்கார்ந்தது. மூங்கிலை மெலிதாகச் சீவினால் முறிந்தது. அச்சை இளைத்தால் வளைந்தது. பத்து நாள் பாடுபட்டும் ஒரு வண்டிகூட எழும்பவில்லை. பதினோராம் நாள் சீவுளியை வைத்துவிட்டு யானையிடம் போனது.

"ஐயா, பார வண்டி என்றால் சக்கரம் ஐந்து சாண், பின்னால் ஒரு கூடை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கூடைக்குள் ஏதாவது இருக்க வேண்டுமா?"

யானை ஓலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. "அப்படி எழுதவில்லையே."

"நல்லது ஐயா" என்று கும்பிட்டுவிட்டுத் தச்சன் கிளம்பியது.

முதலில் வந்தது மயில். அது ஓடைக் கரைக்கு ஆடப் போகிற வண்டியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

"எனக்கு எதற்குப் பார வண்டி? என் தோகையைத் தவிர எனக்கு ஏது பாரம்?" என்று கேட்டது.

"ஏறி உட்கார்ந்து பாருங்கள். சவாரி வண்டிதான் வேண்டும் என்றால் மூன்று வருஷம் பொறுக்க வேண்டும்" என்றது தச்சன்.

மயில் ஏறி உட்கார்ந்தது. நரியின் தலை கீழே தெரிந்தது, மானின் கொம்பு கீழே தெரிந்தது. அதற்குப் பிறகு மயில் இறங்க மறுத்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் காலிக் கூடை ஆடிக்கொண்டே போனது.

அணிலிடம் ஒரு குட்டி வண்டி இருந்தது. அதற்கு இரண்டு கட்டே அதிகம். ஆனால் ஒரு நாள் மயிலின் பெரிய சக்கரம் லேசாக உரச, குட்டி வண்டி பள்ளத்தில் உருண்டது. மேலே உட்கார்ந்திருந்த மயிலுக்கு அது நடந்ததே தெரியாது. மறுநாள் விடிந்ததும் அணில் தச்சன் வீட்டு வாசலில் நின்றது.

"எனக்கும் பெரியதாகவே ஒன்று கொடுங்கள். ஆசையால் கேட்கவில்லை தச்சரே. பயத்தால் கேட்கிறேன்."

இப்படி ஒவ்வொருவராக மாறினார்கள். ஆனி மாதத்தில் காட்டில் ஒரு சவாரி வண்டிகூட இல்லை. முன்பு மூன்று கட்டுத் தின்ற இடத்தில் இப்போது நான்கு கட்டு. முயல் புல்வெளியில் உட்கார்ந்தால் காது மட்டுமல்ல, தலை, கழுத்து, முதுகு எல்லாம் வெளியே தெரிந்தன.

ஒரு காலையில் பருந்து ஒரு குட்டியைத் தூக்கிப் போனது. இரண்டு நாள் கழித்து இன்னொன்றை. முயல் வளைக்குள் கிடந்து அழுதது. பிறகு மீதி நான்கு குட்டிகளையும் வளைக்குள் தள்ளி வாயிலை மண்ணால் மூடிவிட்டு, புலியின் சபைக்கு ஓடியது.

கதையைக் கேட்ட புலி எழுந்து நின்றது. "யார் என் சட்டத்தை மீறியது?"

"யாரும் இல்லை, ராஜா" என்றது யானை. அதன் குரலில் சிறிது பெருமைகூட இருந்தது. "நானே ஒவ்வொரு வண்டியாக அளந்தேன். எல்லாம் பார வண்டிகள். எல்லாம் ஐந்து சாண். ஒரு வண்டியிலும் கூடை குறையவில்லை."

தச்சன் கை கட்டி நின்றது.

"அப்படியானால் எல்லா வண்டிக்கும் ஒரே கட்டு" என்று புலி உறுமியது.

"அப்படியானால் என் வண்டி இன்றோடு நின்றது" என்றது பன்றி.

புலி வாலைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்போது முயல் பேசியது.

"ராஜா, எண்ணை மாற்ற வேண்டாம். பார வண்டி நான்கு கட்டே தின்னட்டும். ஒரே ஒரு வரி மட்டும் சேருங்கள். பார வண்டி எப்போது புறப்பட்டாலும் பாரத்தோடுதான் புறப்பட வேண்டும்."

"எத்தனை மூட்டை? அளவைச் சொல்" என்று யானை எழுத்தாணியை எடுத்தது.

"அளவு வேண்டாம் ஐயா. அளவு எழுதினால் தச்சர் அந்த அளவுக்கு ஒரு மூட்டை தைத்து உள்ளே பஞ்சை அடைத்துவிடுவார். பன்றி அண்ணன் ஏற்றட்டும். அவர் போதும் என்கிறவரை பாரம்."

தச்சன் முதல்முறையாக முயலைத் திரும்பிப் பார்த்தது. புலிக்கு இது பிடித்திருந்தது. ஒரே வரி, சீக்கிரம் முடிந்தது.

மறுநாள் மயில் ஓடைக்குப் புறப்பட்டது. பன்றி வந்து மண் ஒட்டிய கிழங்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றியது.

"என் தோகை நசுங்குகிறது" என்றது மயில்.

"பார வண்டிதானே?" என்று கேட்டுவிட்டு ஆறாவது மூட்டையைத் தூக்கியது பன்றி.

அணில் ஒரு வேப்பம்பழம் பறிக்கப் போய், எட்டு மூட்டையை ஊர் ஊராக இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பியது. பன்றிக்கு அந்த வாரம் மலையடிவாரத்துக்குப் போகிற வேலையே இல்லை. பக்கத்துப் புதருக்குப் போகிறவர்கள் எல்லாம் நடந்தே போனார்கள். தூரம் போக வேண்டியவர்கள் தச்சன் வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"சவாரி வண்டி வேண்டும். சின்னதாக, தாழ்வாக, கூடையே இல்லாமல்."

மூன்று வருஷம் ஆகும் என்ற தச்சன், இந்த முறை ராப்பகல் பாராமல் சீவியது. முறிந்த மூங்கிலை எறிந்துவிட்டு இரண்டு மெல்லிய மூங்கில்களைச் சேர்த்துக் கட்டியது. ஒன்பதாம் நாள் முதலாவது வண்டி ஓடியது. அதன் எருமைக்கு ஒன்றரைக் கட்டே போதுமாக இருந்தது.

ஆடியில் மழை வந்தது. புல்வெளியில் அப்போது ஒரு விரல் உயரம் புல் மிச்சம் இருந்தது. அது துளிர்த்து எழுந்தது. முயல் வளை வாயிலைத் திறந்து நான்கு குட்டிகளையும் வெளியே விட்டது. மற்ற இரண்டின் இடமும் வளைக்குள் காலியாகவே இருந்தது.

யானை ஒரு நாள் தச்சனின் பட்டறைக்கு வந்தது. புது வண்டியைத் தும்பிக்கை நுனியால் தூக்கிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தது.

"இவ்வளவு லேசான வண்டி செய்ய உனக்குத் தெரிந்திருக்கிறது. இதை வைகாசியிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு குட்டிகளும் இருந்திருக்கும். ஏன் செய்யவில்லை?"

தச்சன் உளியை நிறுத்தாமலே பதில் சொன்னது.

"வைகாசியில் நீங்கள் கூடையை எழுதினீர்கள், கூடை செய்தேன். ஆனியில் பாரத்தை எழுதினீர்கள், பாரம் இல்லாத வண்டி செய்தேன். நான் ஓலையைப் படிக்கிறவன் ஐயா. புல்வெளியைக் காக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே."

யானை தன் ஓலையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தது. தச்சன் சொன்னது சரிதான்.

நீதி: சட்டம் எழுதுகிறவர் எதைக் காக்க வேண்டுமோ அதை எழுத வேண்டும், கண்ணில் பட்டதை எழுதினால் அதுதான் பெருகும்.