எட்டாம் அறைப் பெண்

பிரான்சின் வடக்கே ஒரு சிறு நகரம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சிவபாதம் பதினொரு வருடங்களாகக் காவலர். எட்டாம் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அதற்கு நேரெதிரே ஒரு படம்: 'கங்கைக் கரையில் இந்துப் பெண்'. வரைந்து நூற்றைம்பது வருடமாகிறது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தப் படத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சேலையை வலது தோளில் போட்டிருந்தாள். குடத்தை இடுப்பில் வைக்காமல் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தாள். கங்கைக்கு அக்கரையில் ஒரு பேரீச்சை மரமும் அதன் கீழே ஓர் ஒட்டகமும் நின்றன.

மறுநாள் சிரிப்பு வரவில்லை. யாரோ கூப்பிட்டது காதில் விழுந்ததுபோல அவள் முகம் சற்றே சரிந்திருந்தது. அவருடைய தங்கை பவளராணி அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். இலங்கையில் நடந்த கடைசி யுத்தத்தில் அவள் காணாமல் போனாள். ஊரில் கரவெட்டி வீடு எரிந்தபோது அவளுடைய புகைப்படங்களும் போய்விட்டன.

அன்றிலிருந்து காலையில் அறையைத் திறந்ததும், "வணக்கம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அங்கே பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து செப்பனிடுபவள் துஷாந்தி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தவள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்திரண்டு. படம் பார்க்கச் சொல்லித் தரும்படி அவராகத்தான் அவளிடம் கேட்டார். அருங்காட்சியகம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் பாடம் நடக்கும். அவள் உட்காராமல் அவர் உட்காரமாட்டார். ரீச்சர் என்று கூப்பிட வேண்டாம் என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அவள் அதிகம் விளக்குவதில்லை. "இன்னும் கொஞ்சம் பாருங்கோ ஐயா" என்பதுதான் பெரும்பாலும் பாடம்.

அந்த இலையுதிர் காலத்தில் எட்டாம் அறைப் படத்தைச் சுத்தம் செய்ய இறக்கினார்கள். அதே சமயத்தில் அந்த ஓவியரின் குறிப்பேடு ஒன்று அவருடைய கொள்ளுப்பேரன் வீட்டில் அகப்பட்டது. இயக்குநர் பணியாளர்களைக் கூட்டி அதிலிருந்து வாசித்துக் காட்டினார்.

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கிழக்கின்மேல் ஆசையாக இருந்ததாம். வீட்டுக்கு வீடு சீனச் சாடி, ஜப்பான் விசிறி, துருக்கிக் கம்பளம். வசதியுள்ள ஓவியர்கள் கப்பலேறிப் போனார்கள். இவர் இந்த ஊரைவிட்டு எங்குமே போனதில்லை. சேலை என்பது அவர் வீட்டு ஜன்னல் திரை. ஒட்டகம் ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்தப் பெண், பின் தெருவில் இருந்த லெயோனி என்ற சலவைக்காரி. முகத்துக்கும் தோளுக்கும் மட்டும் ஓவியர் பழுப்பு நிறம் கலந்திருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். தனித்துத் தெரியக்கூடாது என்று சிவபாதமும் சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் துஷாந்தியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். பிரெஞ்சில் பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். தன்னை இரண்டாம் அறைக்கு மாற்றும்படி அதில் கேட்டிருந்தார். இரண்டாம் அறையில் பழைய நாணயங்கள் மட்டும்தான்.

அவள் இரண்டு பிழைகளைத் திருத்தினாள். பிறகு கேட்டாள்.

"ஏன் ஐயா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ எங்கட பிள்ளை இல்லை, ரீச்சர்."

துஷாந்தி எழுந்தாள். அவரைத் தன் வேலையறைக்குள் கூட்டிப் போனாள். படம் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அவள் விளக்கை அருகே இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"கையைப் பாருங்கோ."

இத்தனை வருடமும் அவர் பார்த்தது வழவழப்பான பழுப்புக் கைகளையும் தங்க வளையல்களையும்தான். அது பிற்காலத்தில் வேறு யாரோ மேலே பூசியது, நேற்றுத்தான் அகற்றி முடித்தேன் என்று அவள் சொன்னாள். கீழே ஓவியர் வரைந்த கைகள் இருந்தன. சிவந்து வீங்கியிருந்தன. விரல் மொளிகளில் தோல் உரிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஓவியர் எதையும் கற்பனை செய்யவில்லை.

சிவபாதம் நெடுநேரம் குனிந்திருந்தார். பாரிசில் முதல் ஏழு வருடம் அவர் ஓர் உணவகத்தின் நிலவறையில் சட்டி பானை கழுவினார். குளிர்காலத்தில் சட்டைப் பொத்தானைக்கூடத் தானே போட முடியாது. அறை நண்பன்தான் போட்டுவிடுவான். கந்தோரில் மேசை வேலை என்று தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"இது சலவைச் சோடாத் தண்ணி செய்த வேலை," என்றார். "இந்தப் பெருவிரலைப் பாருங்கோ ரீச்சர். இந்த வெடிப்பு மாறாது. காயும், திரும்ப வெடிக்கும்."

அவள் அவருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"நான் அதைத் தூரிகை இழுபட்ட தடம் எண்டு நினைச்சன்," என்றாள்.

"இல்லை. நோகும்."

எந்த மாதத்தில் வரைந்தது என்று அவர் கேட்டார். பெப்ரவரி என்று குறிப்பேட்டில் இருப்பதாக அவள் சொன்னாள். நல்ல குளிர் மாதம். அவர் ஜன்னல் திரை மூடாத அந்த வெறும் தோளைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தன் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

கதவுவரை போனவர் நின்றார்.

"அப்ப ரீச்சர், பதினொரு வருசமா நான் ஆருக்கு வணக்கம் சொன்னனான்?"

துஷாந்தி விளக்கை அணைத்தாள். அந்தக் கைகளின்மேல் மெல்லிய தாள் ஒன்றை விரித்தாள்.

"நூற்றைம்பது வருசமாச் சனம் இந்தப் படத்தில இந்தியாவைப் பாக்கத்தான் வந்தது," என்றாள். "அவவுக்கு வணக்கம் சொன்னது நீங்கள் ஒராள்தான், ஐயா."