முதலிடம் பெற்ற கல்

முன்னொரு காலத்தில், ஏரி வற்றினாலும் வெள்ளிக்கிழமைக் கச்சேரி வற்றாத ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டை ஆண்ட மகரகேது மன்னருக்குச் சங்கீதம் என்றால் உயிர். உயிர் என்றால், சாப்பாட்டுக்கு அடுத்தபடியான உயிர். வெள்ளிதோறும் மாலையில் அரண்மனை மண்டபத்தில் பாட்டு நடக்கும். பாடுகிறவரின் மேடைக்குப் பக்கத்திலேயே சபையைப் பார்த்தபடி சிங்காதனம். மன்னரின் கிரீடத்தில் ஒரு மயிற்பீலி செருகியிருக்கும். பாட்டுப் பிடித்துவிட்டால் மன்னரின் தலை ஆடும். தலை ஆடினால் பீலி ஆடும். பீலி ஆடினால் சபை முழுவதும் ஆடும். பாடுகிறவர் கண்ணெதிரே உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பாடினாலும் சபையோரின் பார்வை என்னவோ பீலியின் மேல்தான். இப்படி ஆடவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தச் சபையில் மூன்று பாடகர்கள். ஆதிமூலம் குரல் எடுத்தால் மண்டபத்துப் புறாக்கள் இடம் மாறி உட்காரும். அபரஞ்சி என்ற பெண்மணி ஒரு ராகத்தைப் பிடித்தால் விளக்கில் எண்ணெய் தீரும்வரை விடமாட்டாள். ஏகாம்பரம் வயதானவர். பல் பாதி போய்விட்டது, குரலும் சன்னம். அவர் பாடும்போதுதான் சபையோர் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்கள்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். இலையில் பாயசம் விழுந்த நேரத்தில், "உங்கள் நாட்டில் பாட்டுக்கு முதல்வர் யார்?" என்று கேட்டார்.

"ஆதிமூலம்" என்றார் மன்னர். "அபரஞ்சி" என்றாள் ராணி, அதே மூச்சில். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

விருந்தாளி சிரித்துவிட்டார். "ஒரே வீட்டுக்குள் இரண்டு முதல்வர்களா! எங்கள் நாட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்" என்றார்.

மன்னருக்கு மூக்கு அறுந்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் இரண்டாம் முறை பாயசம் கேட்கவில்லை என்றால், அவமானம் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சபையில் உத்தரவு பிறந்தது. "நம் பாடகர்களை முதலிடம் தொடங்கிக் கடைசி இடம்வரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பெறுவது எதுவோ, யாரோ, அதற்கு மாலை போட்டுப் பல்லக்கில் ஊர்வலம். கடைசி இடம் பெற்றவர் இனி இந்தச் சபையில் பாடக்கூடாது. சபை முழுவதும் ஒருமனதாக அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் செய்து முடிக்க வல்லவர் யார்?"

சபைநாயகர் திருமேனிநாதர் எழுந்தார். இவருக்கு விகடகவி தாண்டவனைக் கண்டாலே வயிறு எரியும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இவர் நடக்கிற நடையைத் தாண்டவன் ஒருமுறை சபையில் நடந்து காட்டிவிட்டான். அன்று மன்னர் சிரித்த சிரிப்பு இன்னும் இவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"வேந்தே! இதற்குத் தாண்டவனைவிடத் தகுந்தவர் உண்டா? அறிவிலும் ரசனையிலும் அவன் ஒப்பற்றவன் என்று தாங்களே பலமுறை அருளியிருக்கிறீர்கள்" என்றார், தேனில் தோய்த்து.

"நல்லது. தாண்டவா, வெள்ளிக்கிழமை வரிசையைச் சொல். சபையில் ஒருவர் மறுத்தாலும் அன்றே நீ நாட்டைவிட்டுப் போகவேண்டும்" என்றார் மன்னர். பாயசம் உள்ளே போகாத கோபம் அவருக்கு இன்னும் இருந்தது.

திருமேனிநாதர் சும்மா இருப்பாரா? தாண்டவன் எந்த வரிசையைச் சொன்னாலும் "இல்லை, இல்லை" என்று எழுந்து கத்துவதற்கு அன்று மதியமே தமக்கு வேண்டியவர்கள் நாலைந்து பேரை ஏற்பாடு செய்துவிட்டார்.

விஷயம் தாண்டவன் வீட்டுக்கு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் மனைவி செங்கமலம் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, ஊர்ல ரெண்டு பேரு சேர்ந்து ஒரு பாட்ட நல்லாருக்குன்னு சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா? இதுக்குப் போயி தலைய ஆட்டிட்டு வந்திருக்கீங்களே! எங்கம்மா வீட்டுக்குப் போனா அண்ணி ஒரு வாரம் சோறு போடுவா. அப்புறம்?"

"நான் எங்க ஆட்டினேன்? அவங்களா ஆட்டி வச்சுட்டாங்க" என்றான் தாண்டவன். சொன்னானே தவிர, அவள் பயம் நியாயம் என்று அவனுக்கும் தெரியும். சிரிக்கவைப்பவனுக்கு வேறு நாட்டில் அவ்வளவு சுலபமாக வேலை கிடைக்காது. சிரிப்பு ஊருக்கு ஊர் மாறும். போய்ச் சேர்ந்த இடத்தில் எதற்குச் சிரிப்பார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

சரி, முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று புறப்பட்டான். சேனாதிபதியைக் கேட்டான். "ஆதிமூலம்! வடக்கெல்லைப் போரில் வென்று நான் கோட்டைக்குள் நுழைந்தபோது வாசலில் பாடியவர் அவர்தான். அந்தக் குரலைக் கேட்டால் இன்றும் என் தோள் தினவெடுக்கிறது" என்றார் சேனாதிபதி. ராணியைக் கேட்டான். "இளவரசன் கைக்குழந்தையாக இருந்தபோது இரவெல்லாம் அழுவான். அபரஞ்சி வந்து பாடிய பிறகுதான் அவனும் தூங்கினான், நானும் தூங்கினேன்" என்றாள் ராணி. பொக்கிஷ அதிகாரி, சீக்கிரம் முடிக்கிறவர் யாரோ அவரே சிறந்தவர் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மடைப்பள்ளித் தலைவன் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னான்: "ஏகாம்பரம் ஐயாதாங்க. மத்தவங்க தின்னுட்டுக் கைய கழுவிட்டுப் போயிருவாங்க. அவரு ஒருத்தர்தான் உள்ள வந்து, ரசம் நல்லாருந்துச்சுப்பான்னு சொல்லுவாரு."

தாண்டவன் தலையைச் சொறிந்துகொண்டான். யாரும் பாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. எல்லாரும் தங்களைப் பற்றித்தான் சொன்னார்கள். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போவது அப்படித்தான், நம் வீட்டில் எந்த வாசல் திறந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் அது வரும். ஆனால் சேனாதிபதியின் தோளையும் ராணியின் தூக்கத்தையும் மடைப்பள்ளி ரசத்தையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கடைசியாகத் திருமேனிநாதரிடமே போய், "சபைநாயகரே, தங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்றார் அவர்.

"இன்றைக்கே சொல்லலாமே?"

"இன்றைக்கு எப்படியப்பா தெரியும்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார் திருமேனிநாதர்.

தாண்டவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே யோசனையும் வந்தது. நேராக மன்னரிடம் ஓடினான். "வேந்தே, வெள்ளிக்கிழமை ஒரு மாலைப்பொழுது மட்டும் தங்கள் கிரீடத்தை எனக்குக் கடன் தரவேண்டும். தாங்கள் ஒரு முரட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில், வாத்தியப் பெட்டி சுமப்பவர்களோடு உட்கார வேண்டும். நான் அழைக்கும்வரை வாய் திறக்கக்கூடாது" என்றான். மன்னருக்கு மாறுவேடம் என்றால் கொள்ளை ஆசை. ஏன் என்றுகூடக் கேட்காமல் சம்மதித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சபை கூடியபோது சன்னல்களில் ஓலைத்தட்டி கட்டி மண்டபம் இருட்டாக்கப்பட்டிருந்தது. சிங்காதனத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் பெரிய விளக்கு. திரையில் மன்னரின் நிழல், கிரீடமும் பீலியுமாகக் கம்பீரமாகத் தெரிந்தது.

"தம் முகத்தைப் பார்த்துச் சபை மயங்கிவிடக் கூடாது என்பதற்காக மன்னர் இன்று திரைக்குப் பின்னால் அமர்ந்து கேட்கிறார்" என்று அறிவித்தான் தாண்டவன்.

உண்மையில் அங்கே அமர்ந்திருந்தது, நவராத்திரிக் கொலுவுக்காகச் செய்து அரண்மனைக் கிடங்கில் போட்டிருந்த ஆளுயரத் தலையாட்டிப் பொம்மை. பக்கத்தில் சாமரம் வீசும் பெண் ஒருத்தி. அவளிடம் தாண்டவன் சொல்லிவைத்திருந்தான்: "பாட்டு நடக்குறப்ப மெல்ல வீசு. பாட்டு நின்னு மிருதங்கத்த சுருதி சேக்குறப்ப ஓங்கி வீசு."

ஆதிமூலம் பாடினார். காற்றுக்குப் பொம்மையின் தலை ஆடியது, பீலி ஆடியது, சபையும் ஆடியது. "ஆஹா!" என்றார் திருமேனிநாதர். அடுத்து அபரஞ்சி. சாமரக்காரி கை மாற்றிக்கொண்ட நேரத்தில் பொம்மை சற்று நின்றது. "ஆஹா" சொல்ல வாயைத் திறந்திருந்த சபையோர் அப்படியே திறந்த வாயோடு காத்திருந்தார்கள். பீலி மறுபடி ஆடிய பிறகுதான் வாயிலிருந்து மிச்சம் வெளியே வந்தது.

பிறகு ஏகாம்பரம் பாடினார்.

இங்கேதான் தாண்டவன் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பாட்டு நாலடி போவதற்குள் பொம்மை நின்றுவிட்டது. என்னவோ ஏதோ என்று அவன் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தான். சாமரக்காரி சாமரத்தை மடியில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாண்டவன் விரலைச் சொடுக்கினான், கண்ணைக் காட்டினான். அவள் இந்த உலகத்திலேயே இல்லை. வெளியே பீலி அசையாததால் சபை கல்லாய் உட்கார்ந்திருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். பலர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள்.

தாண்டவன் கடைசி வரிசையைப் பார்த்தான். சால்வைக்குள் மன்னர். அவர் தலையும் ஆடவில்லை. ஆனால் சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. மிருதங்கக்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்க்க வாத்தியத்தை மடியில் நிமிர்த்தி, சின்னக் கல்லை எடுத்து விளிம்பில் 'டொக், டொக்' என்று தட்டினார். சாமரக்காரிக்கு அப்போதுதான் வேலை நினைவு வந்தது. விட்டதற்கும் சேர்த்து ஓங்கி ஓங்கி வீசினாள். பொம்மையின் தலை சுழன்று சுழன்று ஆடியது. பீலி படபடத்தது.

சபை பொங்கி எழுந்தது. "சபாஷ்! சபாஷ்!" திருமேனிநாதர் தொடையில் தாளம் போட்டுத் துள்ளினார். "இதுவல்லவோ நாதம்! என் பிறவிப்பயனை இன்று அடைந்தேன்!" என்று கூவினார். 'டொக்' என்றது கல். "அடடா, அந்த அழுத்தம்!" என்றார் அவர்.

தாண்டவன் நடுவில் வந்து நின்றான். "சபையோரே! இப்போது கேட்டதற்கே முதலிடம் தரலாமா?"

"தரவேண்டும்! தரவேண்டும்!"

"மறுப்பவர் எவரேனும் உண்டோ?"

மறுப்பதற்கென்றே வந்திருந்த நாலைந்து பேரும் திரையைப் பார்த்தார்கள். பீலி ஆடிக்கொண்டே இருந்தது. அவர்களும் சேர்ந்து ஆடினார்கள்.

"வேந்தே, தங்கள் கட்டளை நிறைவேறிவிட்டது. முதலிடம், மிருதங்கம் தட்டுகிற கல்லுக்கு. சபை முழுவதும் ஒரே மனது!" என்று சொல்லித் திரையை இழுத்தான் தாண்டவன்.

கிரீடம் வைத்த பொம்மை சபையைப் பார்த்துத் தலையாட்டியது. திருமேனிநாதரின் தலை அப்போதும் நிற்கவில்லை, பழக்கதோஷம். கடைசி வரிசையிலிருந்து சால்வையை உதறிக்கொண்டு மன்னர் எழுந்தார். முதலில் கோபப்பட நினைத்தார் போலிருக்கிறது. முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். புறாக்கள் ஆதிமூலத்துக்கு இடம் மாறியதுபோல மன்னருக்கும் மாறின.

சபைநாயகர் சுதாரித்துக்கொண்டார். தாம் விழுந்த குழிக்குள் இன்னொருவரையாவது இழுத்துவிட வேண்டுமே! "வேந்தே, கட்டளை கட்டளைதான். ஏகாம்பரத்தின் பாட்டுக்கு இந்தச் சபையில் ஒரு தலையும் அசையவில்லை. கடைசி இடம் அவருக்குத்தான். அவர் இனிமேல் இந்தச் சபையில் பாடலாகாது!" என்றார்.

ஏகாம்பரம் தம்பூராவை உறையில் போடத் தொடங்கினார். தாண்டவனுக்குச் சுரீர் என்றது. தன் விளையாட்டு இந்த மனிதரின் தலையில் விடியும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"சபைநாயகர் சொல்வது நியாயம்" என்றான் தாண்டவன். எல்லோரும் திகைத்தார்கள். "ஏகாம்பரம் இனி இந்தச் சபையில் பாடக்கூடாது. ஆனால் நந்தவனம் சபை இல்லையே? விடியற்காலையில் மன்னர் தனியே அங்கே உலாவும்போது அவர் பாடினால் எந்தக் கட்டளை தடுக்கும்? அங்கே மன்னரின் தலையைப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆடினாலும் ஆடலாம், சும்மாவும் இருக்கலாம்."

மன்னரின் சிரிப்பு நின்றது. "தாண்டவா, இத்தனை காலமும் என் தலை எனக்காக ஆடியதா, இவர்களுக்காக ஆடியதா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பாவம், அது என்ன செய்யும்?" என்றார். பிறகு ஏகாம்பரத்திடம் போய், உறைக்குள் பாதி போயிருந்த தம்பூராவைத் தாமே வெளியே எடுத்துக் கொடுத்தார். "நாளை விடியலில் வாருங்கள்" என்றார்.

அடுத்து ஊர்வலம். கட்டளை கட்டளைதான் அல்லவா? பட்டு விரித்த பல்லக்கில் மாலையோடு கல் ஏறியது. யார் அதிகமாகப் புகழ்ந்தார்களோ அவர்களே சுமக்கவேண்டும் என்று மன்னர் சொல்லிவிட்டார். முன்தண்டில் திருமேனிநாதர். "ஐயா, மெல்லப் போங்க! அது எங்க தாத்தா காலத்துக் கல்லு! தொலைஞ்சா நாளைக்கு நான் எதை வச்சுத் தட்டுவேன்?" என்று பின்னாலேயே ஓடினார் மிருதங்கக்காரர். வீதியில் நின்றவர்கள் பல்லக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சுமப்பவரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

மன்னர் மறுபடியும் சிரித்து ஓய்ந்து, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். ஆற்றோரத்தில் விளைநிலமும் கொடுத்தார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவர் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, இருட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார். எந்த மூலை என்று யாருக்கும் தெரியாது. சபையோர் அங்கும் இங்கும் தேடினார்கள். பீலியைக் காணோம். வேறு வழியில்லாமல் பாடுகிறவரைப் பார்த்தார்கள்.

அன்று வீட்டில் செங்கமலம் முத்துமாலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்: "ஊரையெல்லாம் கேட்டீங்களே, உங்களுக்கு யாரு பாட்டுங்க ரொம்பப் புடிக்கும்?"

தாண்டவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தவன், சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.