ஐந்தாவது ரிவால்வர்

"நான் எந்தப் பிரிவுல நிக்கறதுங்க மேடம்? அதை மட்டும் சொல்லிடுங்க."

பல் டாக்டர் தெய்வசிகாமணி இதைக் கேட்பது முதல் முறையல்ல. ஆறு வருஷமாகக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஓடி ஓடிச் சுடுகிறார். ஒரு தடவைகூடப் பரிசு மேடை ஏறியதில்லை.

இந்தப் போட்டியில் யார் எந்தத் துப்பாக்கியோடு வருகிறாரோ, அதுதான் அவருடைய பிரிவு. சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்திய துப்பாக்கிக்கு ஒன்று. கடையில் வாங்கியபடியே இருக்கும் துப்பாக்கிக்கு ஒன்று. ஆறு குண்டு ரிவால்வருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முதலில் வருபவர் மாநில அணியோடு தேசியப் போட்டிக்குப் போவார்.

டாக்டருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, மாநில அணியின் பெயர் போட்ட சட்டை.

பயிற்சியாளர் பிலோமினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பழைய கல்குவாரிக்குள் இருந்த அந்தச் சுடுதளத்தில் அவர் ஒரு நாளில் பேசுவதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

ஒரு வாளியை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"பொறுக்குங்க."

தரையெங்கும் காலித் தோட்டாக்கள். டாக்டர் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. வாளி நிறைந்ததும் திண்டில் கொட்டிப் பிரித்தார். பிஸ்டல் தோட்டாக்கள் குவியலாக நின்றன. ரிவால்வர் தோட்டாக்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை.

டாக்டரின் முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுதுங்க மேடம். ரிவால்வர்ல கூட்டமே இல்லை!"

பிலோமினா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் ரிவால்வர் வாங்கினார். பயிற்சியாளரிடம் இருந்த அதே மாடல். ஞாயிறு தவறாமல் பழகினார். அந்தப் பிரிவில் இன்னும் மூன்று பேர்தான். மூவரையும் பயிற்சியில் முந்தினார்.

"முதல் மூணு பேருக்கு மெடல். நாலாவது ஆளுக்கு டீயாவது கிடைக்குமுங்களா?" என்றார் மூவரில் ஒருவரான மில் சூப்பர்வைசர் கனகசபை.

"நீங்க கவலைப்படாதீங்க. டீ நான் வாங்கித் தர்றேன்," என்றார் டாக்டர்.

போட்டி நாள் காலை. பிலோமினா ஜீப்பிலிருந்து இறங்கினார். இடுப்பில் ரிவால்வர்.

டாக்டர் ஜீப்பருகே போனார்.

"என்னங்க மேடம் இது?"

"ரிவால்வர்."

"நீங்க எப்பவும் பிஸ்டல்தானே? அந்தப் பிரிவுல வருஷா வருஷம் நீங்கதானே முதல்?"

"இன்னைக்கு இது."

"ஏனுங்க?"

பிலோமினா காதடைப்பானைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். கற்றுக் கொடுத்தவளே குறுக்கே வந்து நிற்கிறாள். ஊரில் வேறு இடமா இல்லை இவளுக்கு? ஆறு வருஷம். கிளினிக்கை மூடிவிட்டு வந்த அத்தனை ஞாயிறு. எல்லாம் போச்சு.

சற்று நேரத்தில் பிலோமினா அவர் முன்னால் வந்து நின்றார். கையில் துப்பாக்கி உறை. பெல்ட்டில் மாட்டும் கொக்கி இரண்டாக உடைந்திருந்தது. இடுப்பில் உறை இல்லாதவரைத் தொடக்கக் கோட்டில் நிற்க விடமாட்டார்கள்.

"டாக்டர், உங்களதும் என்னதும் ஒரே மாடல். வேற உறை கைவசம் இருக்கா?"

இருந்தது. பையில், துண்டு பாதி மூடியபடி.

"இல்லீங்களே மேடம்," என்றார் டாக்டர்.

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பல்லைப் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்லிப் பழகிய குரல்.

பிலோமினா தலையசைத்தார். அலுவலக அறைக்குப் போனார். பெயரை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் சட்டைக்கு என்ன அளவு கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ரிவால்வர் பிரிவுல அஞ்சு பேராவது இருக்கணும்கிறது விதி. பிலோமினா மேடம் விலகிட்டாங்க. இப்ப நாலு பேர்தான். அதனால பிரிவு ரத்து. நாலு பேரும் சிவப்புப் புள்ளிக்காரங்களோட சேர்ந்து சுடுவாங்க. மாற்றம் ஏதாச்சும் இருந்தா, முதல் ஆள் கோட்டுக்கு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க."

டாக்டர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

சிவப்புப் புள்ளிக்காரர்கள் இவர் ஆறு குண்டு சுட்டு முடிப்பதற்குள் இருபது சுடுவார்கள்.

"அஞ்சு பேரா? யார் சொன்னது?"

"விதிப் புத்தகத்துல இருக்குதுங்களே," என்றார் கனகசபை. "நீங்க துப்பாக்கி பத்தின பக்கத்தோட நிறுத்திட்டீங்களா? போன வாரமே பிரிவு நிக்காதுன்னு பேச்சு. அதனாலதானே மேடம் தன் பிரிவை விட்டுட்டு இங்க பேர் குடுத்தாங்க? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

டாக்டருக்குத் தெரியாது.

பைக்குள் கையை விட்டுத் துண்டை உருவி எறிந்தார். உறையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி ஓடினார். அன்று முழுவதும் அத்தனை வேகமாக வேறு யாரும் ஓடவில்லை.

"மேடம்... இது... பையில இருந்துச்சு."

"ம்."

"எனக்காகத்தான் வந்தீங்களா? என்கிட்ட தோத்துப் போகவா?"

"இல்லை. சுட வந்தா நல்லாத்தான் சுடுவேன்."

டாக்டர் உறையை நீட்டியபடியே நின்றார்.

"நான் இல்லைன்னு சொன்னது பொய்யிங்க."

"தெரியும். உங்க பை திறந்துதான் கிடந்துது. பார்த்துட்டுத்தான் கேட்டேன்."

காதடைப்பான் இல்லாமல் காதருகே சுட்டதுபோல் ஆனது டாக்டருக்கு. சற்று நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"பார்த்தீங்களா?... அப்ப ஏனுங்க அங்கயே சொல்லலை? எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார். உறையை வாங்கிப் பெல்ட்டில் கோத்து இறுக்கினார்.

"காட்டியிருந்தா நீங்க பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க."

எழுந்து அலுவலக அறையை நோக்கி நடந்தார்.

"அப்பவும் நாலு பேர்தான், டாக்டர்."