ஒன்பதாவது சாபத்தை யார் வாசிப்பது?

மத்தனியாவின் காதுக்குள் ஒரு முரசு இருபத்தாறு வருடமாக அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது கேட்காது. யூதேயா மலைநாட்டில் அவன் ஒரு சிற்றூரின் தலைவன். பெரிய மனிதன் காதில் என்ன கேட்கிறது என்று யார் போய் விசாரிப்பார்கள்?

பழைய ராஜாவின் காலத்தில் மழை பொய்த்தது. தலைப்பிள்ளையைத் தீக்குக் கொடுத்தால் வானம் திறக்கும் என்று அரண்மனையிலிருந்து ஆள் வந்து சொன்னான். ஊரார் தயங்கினார்கள். தலைவனே தயங்கினால் ஊர் என்னாவது என்று மத்தனியா தன் மூன்று வயது மகன் யாசூப்பைத் தீ வளர்த்திருந்த பள்ளத்தாக்குக்குத் தூக்கிப் போனான். பிள்ளையின் அலறல் பெற்றவன் காதில் விழாதபடி சாக்கூர் என்பவன் பக்கத்தில் நின்று முரசடித்தான். முன்னேர் போன வழியே பின்னேர் என்பார்கள். அந்த வாரத்துக்குள் இன்னும் ஏழு வீட்டார் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். மழை என்னவோ வரவில்லை.

இப்போது புது ராஜா. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது கடவுளின் கட்டளைகள் எழுதிய பழைய நியாயப்பிரமாணச் சுருள் கிடைத்ததாம். வாசிக்கக் கேட்டதும் ராஜா உடையைக் கிழித்துக்கொண்டு அழுதாராம். கடவுளோடு முன்னோர் செய்த உடன்படிக்கையை ஊர்தோறும் புதுப்பிக்கக் கட்டளை பிறந்தது. ஒருவர் கல்லின்மேல் கைவைத்துச் சாபங்களை வாசிக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் ஆமென் சொல்ல வேண்டும். வாசிப்பவர் யார் என்பது தலைவன் பொறுப்பு. ஊருக்கு வந்த நகலில் ஒன்பதாவது சாபம் இது: தன் பிள்ளையைத் தீக்குக் கொடுத்தவன் சபிக்கப்பட்டவன்.

சாக்கூர் கிழவனாகியிருந்தான். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசி, ஆறின புண்ணைக் கிளறாதே என்றான்.

ஆலயப் பணி செய்யும் லேவியர் குலத்து அசரியா அந்நாளில் தன் மகனை முதுகில் கட்டிக்கொண்டு அண்டை நாடான மோவாபுக்கு ஓடித் தப்பியவன், இப்போதுதான் திரும்பியிருந்தான். கறைபட்ட வாய் வேதத்தை வாசிக்கலாகாது, நான் வாசிக்கிறேன், நீ கூட்டத்தோடு நின்று ஆமென் சொல் என்றான். அதில் நியாயம் இருந்தது. மத்தனியாவுக்கு உள்ளூர ஆசையும் வந்தது. கூட்டத்தில் நின்றால் முகம் தெரியாது.

மனைவி எப்சிபாள் இத்தனை வருடத்தில் மகன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் சுருளை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நீங்களே வாசியுங்கள். எல்லா வரியும்.”

“சாபம் என் தலையில் விழும்.”

“விழட்டும். நானும் பக்கத்தில்தான் நிற்பேன்.”

மறுநாள் காலை ஊரே கல்லைச் சுற்றி நின்றது. ஏழு வீட்டாரும் பின்வரிசையில் தலைகுனிந்திருந்தார்கள். மத்தனியாவின் காதில் முரசு ஓயவில்லை.

இதுவரை கேட்டவர்களே, நீங்கள் அவனிடத்தில் இருந்தால் மூவரில் யார் சொல்லைக் கேட்பீர்கள்?

விடை: எப்சிபாளின் சொல்லை. ஒரு வரியை விழுங்கினால் அதுவும் ஒரு முரசடிதான். அசரியா வாசித்தால், சுத்தமானவன் மற்றவர்களைச் சபித்ததாகவே முடியும். ஏழு வீட்டாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் தீக்குப் போனது மத்தனியாவின் பின்னால். திரும்பவும் முன்னேர் அவனே ஓட்ட வேண்டும். அவன் ஒன்பதாவது சாபத்தை வாசித்தான். யாசூப் என்ற பெயரையும் சேர்த்துச் சொன்னான். முதல் ஆமென் எப்சிபாளுடையது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக ஏழு வந்தன. ஏழாவதோடு முரசு நின்றது. அது இத்தனை வருடம் மூடிவைத்திருந்த குரல் அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. பிள்ளை அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.